உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்

ஏப்ரல் 14 காலையில் நம் வீடுகளில் வேப்பம்பூப் பச்சடி தாளிக்கும் மணம் எழுந்துகொண்டிருக்கும். கோயில்களில் பஞ்சாங்கம் படிப்பார்கள். ஊர்தோறும் அண்ணல் அம்பேத்கரின் சிலைக்கு மாலை விழும். அதே காலையில், பெரும்பாலோர் கவனிக்காத இன்னொரு நிகழ்ச்சியும் நடக்கிறது. தீயணைப்பு நிலையங்களின் முற்றத்தில் காக்கி உடையணிந்தவர்கள் வரிசையாக நின்று, மலர்வளையம் வைத்து, பணியின்போது உயிர்நீத்த தம் தோழர்களுக்காகச் சற்று நேரம் அசையாமல் நிற்கிறார்கள். அது நீத்தார் நினைவு நாள். அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஒத்திகை காட்டுவார்கள், துண்டறிக்கை கொடுப்பார்கள், நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு படம் வரும். அடுத்த சித்திரை வரை நாம் அதை மறந்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த நாள் ஏன் ஏப்ரல் 14ஆக அமைந்தது என்பதுகூட எனக்கு நெடுநாள் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு, இந்தத் துறையினருக்கு நாம் எதை மரியாதை என்று எண்ணிச் செய்கிறோம் என்பதைப் பற்றிய என் கருத்து மாறிவிட்டது. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலம். ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற சரக்குக் கப்பல் பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிர்கன்ஹெட் துறையிலிருந்து புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12 அன்று பம்பாய் வந்து, விக்டோரியா துறையில் கட்டப்பட்டது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருட்கள் இருந்தன. போர் விமானங்களும், பெட்டிகளில் அடைத்த தங்கக் கட்டிகளும் இருந்தன. போதாதென்று கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் மரமும் ஏற்றப்பட்டன. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே சரக்கறையில் கீழும் மேலுமாக அடுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வல்லுநர் யாரும் தேவையில்லை. வெடிபொருள் ஏற்றிவந்த கப்பல் சிவப்புக் கொடி ஏற்றி நிற்பதுதான் வழக்கம். அந்தக் கப்பலில் அந்தக் கொடி ஏற்றப்படவில்லை. போர்க்காலத்தில் அது எதிரிக்கு இலக்கைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்படுகிறது. அக்கம்பக்கத்தில் நின்ற கப்பல்களுக்கும், கரையில் சுமை தூக்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கும், அந்தக் கப்பல் மற்றொரு சரக்குக் கப்பலாகவே தோன்றியது.

14ஆம் தேதி பிற்பகல், உணவு இடைவேளை முடிந்து தொழிலாளர்கள் திரும்பியபோது இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை வருவதைக் கண்டார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்தன. எதன்மேல் ஏறி நின்று தண்ணீர் பாய்ச்சுகிறோம் என்பது அந்த வீரர்களுக்கு வந்த பிறகே தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர்கள் குழாயைக் கைவிடவில்லை. ஏறத்தாழ 900 டன் தண்ணீர் அந்த அறைக்குள் இறைக்கப்பட்டது. தண்ணீர் மட்டம் உயர உயர, எரிந்துகொண்டிருந்த பஞ்சு மிதந்தபடியே மேலே எழுந்து, மேல்தளத்தில் அடுக்கியிருந்த வெடிபொருளை நெருங்கியது. அணைக்க ஊற்றிய தண்ணீரே நெருப்பை வெடிமருந்தின் பக்கம் தூக்கிச் சென்றது என்பதைப் படித்தபோது என்னால் சற்று நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. கப்பலைக் கடலுக்கு இழுத்துச் செல்வதா, நின்ற இடத்திலேயே மூழ்கடிப்பதா என்ற கேள்விக்குத் துறைமுகத்திலும் கப்பலிலும் அதிகாரம் பெற்றிருந்த எவரும் உறுதியான விடை சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே கழிந்தது. அந்த இரண்டு மணி நேரமும் குழாயைப் பிடித்து நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்.

மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. 4 மணி 34 நிமிடத்துக்கு இரண்டாம் வெடிப்பு. ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவில் சிம்லாவில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவி அந்த அதிர்வைக் குறித்துக்கொண்டது. இறந்தோர் எண்ணிக்கை எண்ணூறு என்றும் அதற்கு மேல் என்றும் பலவாறு சொல்லப்படுகிறது. எண்பதாயிரம் பேர் வீடிழந்தார்கள். பம்பாய்த் தீயணைப்புப் படையில் 66 பேர் அன்று மாண்டார்கள். நாம் ஆண்டுதோறும் நினைவுகூர வேண்டிய ஏப்ரல் 14 அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்த வெடிப்பைப் பற்றி எங்கே பேசினாலும், வானத்திலிருந்து விழுந்த தங்கக் கட்டிகளைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். துறைமுகத்தில் பின்னாளில் சேறு வாரியபோது கட்டிகள் கிடைத்த செய்தியைக் கதையாகச் சொல்லி மகிழ்கிறார்கள். கட்டி ஒவ்வொன்றின் எடையையும் கேட்டால் சொல்வார்கள். அறுபத்தாறு பேரில் ஒருவருடைய பெயரைக் கேட்டுப் பாருங்கள். எனக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நான் மதுரையில் பெயின்ட் கடை நடத்துகிறவன். அப்பா தொடங்கிய கடை. பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலையில், எங்கள் கடைக்கு அடுத்திருந்த கிடங்கில் மின்கசிவால் தீப்பிடித்தது. இரண்டு கடைகளுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர் மட்டுமே இருந்தது. வண்டி வந்து நின்றதும் இறங்கிய முன்னணித் தீயணைப்பாளர், குழாயை விரிக்கச் சொல்லிக்கொண்டே அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “அண்ணே, உங்க கடைக்குள்ள என்ன சரக்கு இருக்கு?”

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பின்பக்கப் பரணில், உரிமத்தில் அனுமதித்த அளவைவிடக் கூடுதலாகத் தின்னரும் டர்பன்டைனும் அடுக்கியிருந்தோம். தீபாவளிக்கு முன் வெள்ளையடிப்பு வேலைகள் மிகுதியாக நடக்கும் என்பதால் முன்கூட்டியே வாங்கிவைத்த சரக்கு. அதைச் சொன்னால் நாளைக்கு நோட்டீஸ் வருமோ, அபராதம் வருமோ என்ற எண்ணம் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். என் மனத்திலும் அதுதான் ஓடியது. அந்த மனிதர் இரண்டாம் முறை கேட்டார். குரலில் கோபம் இல்லை. “எதுவா இருந்தாலும் சொல்லுங்கண்ணே, என் பசங்க உள்ள போகணும்” என்றார். அதன் பிறகே நான் வாய் திறந்து பரணைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆட்களை அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து விலக்கி, கூரைமேல் ஏற வேண்டாம் என்று தடுத்து, நுரை கொண்டுவரச் சொல்லி, சுவரை வெளியிலிருந்து நனைத்துக் குளிர்வித்தார். எங்கள் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா மௌனமாக நின்ற அந்தச் சில நொடிகளை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. உரிமத்தைப் பற்றிய எங்கள் அச்சத்தை, பெயர்கூடத் தெரியாத நான்கைந்து இளைஞர்களின் உயிரோடு ஒரே தராசில் வைத்து நாங்கள் எடை பார்த்திருக்கிறோம்.

அதனால்தான் பம்பாய்ச் செய்தியைப் படித்தபோது அது எனக்கு எங்கோ நடந்த பழைய வரலாறாகத் தெரியவில்லை. தேடிப் படிக்கப் படிக்க, அதே மௌனம் உலகத்தின் துறைமுகங்களில் மீண்டும் மீண்டும் ஆட்களைக் கொன்றிருப்பது தெரிந்தது. பம்பாய் வெடிப்பு நடந்து மூன்றே ஆண்டுகளில், 1947 ஏப்ரல் 16 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் ‘கிராண்ட்காம்ப்’ என்ற கப்பலில் இருந்த அமோனியம் நைட்ரேட் உரம் தீப்பற்றி வெடித்தது. அந்தச் சிறு நகரத்தின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்த 28 பேரில் 27 பேர் ஒரே காலையில் போனார்கள். 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு வெடித்தபோது, இறந்தும் காணாமலும் போன 173 பேரில் 104 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் துறைமுகத்தின் படையில் பணிபுரிந்தவர்கள். தொடக்கத்தில் அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அவர்களுடைய பெற்றோர் அதிகாரிகளின் செய்தியாளர் கூட்டத்துக்கே வந்து முறையிட நேர்ந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில், ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாக 2,750 டன் அமோனியம் நைட்ரேட் கிடந்த கிடங்குக்கு, அது இருப்பதைச் சொல்லாமலேயே பத்துப் பேர் கொண்ட குழுவை அனுப்பினார்கள். அந்தக் கிடங்கின் கதவைத் திறக்க மூவர் முயன்றுகொண்டிருக்கும் ஒரு படம் இருக்கிறது. அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

நம் ஊர்க் கணக்கு வேறா என்றால், இல்லை. 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில், இரவில் பூட்டிக் கிடந்த ஒரு கடையில் பற்றிய தீயை அணைக்கப் போனபோது, உள்ளே இருந்த சமையல் எரிவாயு உருளை வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். கூடி நின்ற மக்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் தீக்காயம் அடைந்தார்கள். 2012 பொங்கல் விடுமுறையில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் கலசமகாலில் பற்றிய தீயில் ஒரு வீரர் மாண்டார். 2020 தீபாவளியன்று அதிகாலையில் எங்கள் மதுரையில், ஜவுளிக்கடை இருந்த பழைய கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் மாண்டார்கள். மற்ற வீடுகளில் இனிப்பு பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த இரண்டு வீடுகளுக்கு வந்த செய்தியை எண்ணினால், தீபாவளியன்று விடுப்பின்றி நிலையத்தில் காத்திருப்பவர்களைப் பற்றி நாம் ஒரு கணமாவது நினைக்கிறோமா என்ற கேள்வி எழாமல் இராது. அதே மும்பைப் படை, 2015 மே மாதம் கால்பாதேவியில் ஒரு பழைய கட்டடத் தீயில், தன் தலைமைத் தீயணைப்பு அதிகாரி சுனில் நேசரிக்கர் உட்பட நான்கு அதிகாரிகளை இழந்தது. கடைநிலையில் இருப்பவரை உள்ளே அனுப்பிவிட்டுத் தலைவர் வெளியே நிற்கிற தொழில் இது இல்லை.

மலர்வளையம் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அது தேவை. குடும்பத்துக்கு நிதி தேவை, பிள்ளைக்கு வேலை தேவை, நிலையத்தின் சுவரில் பெயர் பொறித்த கல் தேவை. ஒப்பந்தத்தில் இருந்தாலும் நிரந்தரப் பணியில் இருந்தாலும் ஒரே கல்லில் ஒரே அளவு எழுத்தில் பெயர் வர வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. ஆனால் இவை எல்லாம் அவர் இறந்த பிறகு நாம் செய்பவை. அவர் உயிரோடு நம் வாசலில் வந்து நின்று கேட்கிற ஒரே கேள்விக்கு உண்மையான விடை சொல்வதை நான் அவற்றுக்கெல்லாம் முந்திய மரியாதையாகக் கருதுகிறேன்.

அதற்கான வழி நம் கண்ணெதிரே சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. டேங்கர் லாரியின் பின்புறத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் 1203 என்று இருந்தால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு. ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் அந்த எண் பேசும். தீயணைக்க வருபவர் தண்ணீரா நுரையா என்பதை அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம். ஓடுகிற வண்டிக்கு இந்த விதி இருக்கும்போது, தெருவில் அசையாமல் நிற்கிற கிடங்குக்கும் கடைக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் அது ஏன் பழக்கமாகவில்லை? ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல், எரிவாயு உருளைகள் எங்கே, மின்கல அறை எந்தத் தளத்தில், மாடிப்படி எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாயிலில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? அனுமதித்ததைவிடக் கூடுதலாகச் சரக்கு வைத்திருப்பவர் அதை எழுதமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும், நானே அப்படி இருந்தவன். தீப்பற்றிய நேரத்தில் உண்மையைச் சொன்னவருக்கு அந்தச் சொல்லையே சான்றாக்கித் தண்டனை தரமாட்டோம் என்று அரசு ஓர் உறுதி கொடுத்தால், பல வாய்கள் அந்தச் சில நொடிகளை வீணாக்காமல் திறக்கும் என்று நம்புகிறேன். குற்றத்தைப் பிறகு தனியாக விசாரிக்கட்டும். உள்ளே போகிறவருக்கு முதலில் உண்மை கிடைக்கட்டும்.

அப்பா இப்போது இல்லை. பரணைப் பிரித்து அப்புறப்படுத்திவிட்டேன். அளவுக்கு மேல் சரக்கு வாங்குவதில்லை. ஷட்டருக்கு வெளியே, கண்மட்டத்தில், ஒரு தகரப் பலகையை மாட்டியிருக்கிறேன். தின்னர் எத்தனை லிட்டர், எந்த மூலையில், மின் இணைப்பைத் துண்டிக்கும் இடம் எது, இரவில் அழைக்க வேண்டிய என் எண் எது என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கும். சரக்கு மாறும்போதெல்லாம் அழித்து எழுதுகிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கடைக்கும் மாட்டியிருக்கிறார்கள். போன ஏப்ரல் 14 அன்று காலையில் எங்கள் பகுதி நிலையத்துக்குப் பூவோடு போனபோது, மூன்று கடைகளின் பட்டியலையும் எழுதி எடுத்துப்போனேன். நிலைய அலுவலர் அதை நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு, “பின்பக்கச் சந்து எத்தனை அடி அகலம், வண்டி வருமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று பகலில் அளந்து பார்த்தேன், ஏழு அடிதான் இருந்தது. அதையும் பலகையில் எழுதிவிட்டு, நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.