வாளை விட வாய் நீளம்: 'எக்ஸ்பெடிஷன்ஸ்: ரோம்' டெமோ ஆடியபோது

"மாமா, இவங்க எப்பதான் சுடுவாங்க?"

அக்கா பையன் கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆடுவதை இருபது நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஆட்கள் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். "இது ரோம்டா, துப்பாக்கி எல்லாம் கிடையாது" என்றேன். "அப்ப எதுக்கு இதை ஆடுறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். போனில் அவனுக்காக ஒரு பட்டாளமே காத்துக்கொண்டிருந்தது.

அவன் கேட்டது நியாயம்தான். அதற்குப் பதில் யோசித்து யோசித்து இந்தப் பதிவு இவ்வளவு நீண்டுவிட்டது. பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், தப்பாக நினைக்க மாட்டேன்.

'எக்ஸ்பெடிஷன்ஸ்: ரோம்' 2022 ஜனவரியில் வெளிவந்த கணினி ஆட்டம். செய்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த லாஜிக் ஆர்ட்டிஸ்ட்ஸ், வெளியிட்டது டிஹெச்க்யூ நார்டிக். இதே வரிசையில் 2013-இல் அமெரிக்கக் கண்டத்துக்குள் நுழைந்த ஸ்பானியர்களை வைத்து ஒன்று, 2017-இல் வைக்கிங்குகளை வைத்து ஒன்று செய்திருந்தார்கள். ஊரே ஆடி முடித்த பிறகு டெமோவை, அதாவது ஆட்டத்தின் மாதிரித் துண்டை, இறக்கி முதல் அபிப்பிராயம் எழுதுகிற ஆள் நான் ஒருவன்தான் என்று தெரியும். என் லேப்டாப்பின் வயசு அப்படி. டெமோ ஓடினால்தான் முழு ஆட்டத்தைப் பற்றி யோசிக்கவே முடியும். கிராஃபிக்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டினேன். ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது, ஏஜியன் கடல் தார்ப்பாய் விரித்த மாதிரி தெரிந்தது. பழி லேப்டாப்புக்கு, ஆட்டத்துக்கு இல்லை.

கதை சுருக்கமாக: நீங்கள் ஒரு பெரிய ரோமானியக் குடும்பத்து வாரிசு. அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். ரோமில் இருந்தால் உங்களுக்கும் அதே கதி என்பதால் கிழக்கே போர்முனைக்குப் போய்த் தளபதி லூகுல்லஸிடம் சேர்கிறீர்கள். லெஸ்போஸ் தீவு, மித்திலீன் நகர முற்றுகை. அங்கிருந்து முழு ஆட்டம் ஆசியா மைனர் (இன்றைய துருக்கிப் பக்கம்), வட ஆப்பிரிக்கா, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாடு என்று மூன்று படையெடுப்புகளாக விரிகிறது.

சண்டை டர்ன் பேஸ்டு. நம் ஆட்கள் ஒருமுறை, எதிரிகள் ஒருமுறை. தரை முழுக்க அறுகோணக் கட்டங்கள். சதுரக் கட்டத்துக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். முதல் பத்து நிமிடத்திலேயே என் ஆளைச் சுற்றி மூன்று பேர் வந்து நின்றபோது விளங்கிவிட்டது. ஆறு பக்கமும் வாசல், எந்த வாசலை அடைப்பது என்பதுதான் கேள்வி. சின்ன வயதில் கோயில் திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடுபுலி ஆடியவர்களுக்கு இந்த உணர்வு உடனே பிடிபடும். ஆடுகளுக்குப் பல்லும் கிடையாது நகமும் கிடையாது, அவற்றின் ஒரே ஆயுதம் இடத்தை அடைப்பது. இங்கேயும் அப்படித்தான். ஒரு கேடயக்காரனைக் குறுகிய வழியில் நிறுத்திவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது. கையில் என்ன ஆயுதம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் என்ன வித்தை காட்டலாம் என்பதும். வாளை மாற்றினால் வித்தையும் மாறும். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. புது ஆயுதம் கிடைத்ததும் அதன் எண்களை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் போடுகிற பழக்கம் இங்கே செல்லாது.

ஆட்களில் நான்கு வகை. கேடயமும் வாளுமாக முன்னால் நிற்கும் பிரின்கெப்ஸ், ஓடியாடிக் குத்தும் வெலெஸ், வில் பிடிக்கும் சகிட்டாரியஸ், மற்றவர்களைத் தாங்கிப் பிடிக்கும் திரியாரியஸ். பெயர்களைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் வரலாற்றுப் பைத்தியம் முழித்துக்கொண்டது. வில்லாளன் என்று மட்டும் பொருள்படும் சகிட்டாரியஸை விட்டுவிட்டால், மற்றவை பழைய ரோமானியப் படைப் பிரிவுகளின் பெயர்கள். வயதையும் வசதியையும் பார்த்து ஆட்களை வரிசை பிரித்து நிறுத்திய காலத்தவை. ஆட்டம் நடக்கும் கி.மு. முதல் நூற்றாண்டில் அந்தப் பிரிவினை வழக்கொழிந்துவிட்டது. கோஹோர்ட் என்ற பெரிய அணியாகச் சேர்ந்து நின்று சண்டையிட்ட காலம் அது. பிரின்கெப்ஸ் என்றால் 'முதல்வன்'. பிற்பாடு ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் தனக்கு வைத்துக்கொண்ட பட்டமும் அதே சொல்தான்.

இதில் திரியாரியஸ் கதைதான் வேடிக்கை. உண்மையான திரியாரிகள் கடைசி வரிசை. முன்னால் இரண்டு வரிசை சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர்கள் பின்னால் ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருப்பார்கள். முன்னால் எல்லாம் உடைந்தால்தான் இவர்கள் எழுவார்கள். அதனால் 'விஷயம் திரியாரி வரைக்கும் வந்துவிட்டது' என்று லத்தீனில் ஒரு பழமொழியே உண்டு, கழுத்துக்கு மேல் வெள்ளம் போய்விட்டது என்ற அர்த்தத்தில். இந்த ஆட்டத்தில் எனக்கோ முதல் டர்னிலேயே விஷயம் திரியாரி வரைக்கும் வந்துவிட்டது. கட்டுப் போடுகிறவன் அவன்தானே!

பெயர்ப் பிழையை நான் மன்னித்துவிடுவேன். அதற்குக் கீழே இருக்கும் சிக்கல்தான் பெரிசு. ரோமானியப் படையின் பலமே தனி ஆளின் வீரத்தில் இல்லை. எண்பது பேர் ஒரு செஞ்சுரி, ஆறு செஞ்சுரி ஒரு கோஹோர்ட், பத்து கோஹோர்ட் ஒரு லீஜியன். ஏறக்குறைய 4,800 பேர் ஒரே உடம்பு மாதிரி நகர வேண்டும். கி.மு. 340-இல் மான்லியஸ் டார்குவாட்டஸ் என்ற கான்சல் (ரோமின் உச்சப் பதவிக்காரர்) தன் சொந்த மகனுக்கே மரண தண்டனை கொடுத்ததாகச் சொல்வார்கள். மகன் செய்த குற்றம், எதிரி ஒருவன் சவால் விட்டதும் உத்தரவை மீறி வரிசையை விட்டுப் போய் ஒற்றைக்கு ஒற்றை சண்டை போட்டது. அதிலும் அவன் ஜெயித்துவிட்டு வந்தான். ஜெயித்தும் தலை போயிற்று.

அப்படிப்பட்ட ஊரைப் பற்றிய ஆட்டத்தில் ஐந்தாறு நாயகர்கள் தனித்தனியாகக் குதித்துக் குதித்து வெட்டுகிறார்கள். டார்குவாட்டஸ் பார்த்திருந்தால் என் குழுவில் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். முழு ஆட்டத்தில் லீஜியனும் கைக்கு வருகிறது, டெமோவை வைத்து அதன் ருசியைச் சொல்ல முடியாது. அதை ஒரு நண்பன் வீட்டில் பார்த்தேன். யார் தலைமை தாங்குவது என்று முடிவு செய்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு உத்தியைப் பொறுக்கிவிட்டு, மோதலை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான பேரின் சண்டை சீட்டுக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ஒட்டவில்லை.

சரி, அப்புறம் ரோம் எங்கேதான் இருக்கிறது இந்த ஆட்டத்தில்? அக்கா பையன் எழுந்து போன அந்த இடத்தில். பேச்சில்.

ஆளை உருவாக்கும்போதே ஒரு கேள்வி வருகிறது: நீ எப்படிப் பேசுகிறவன்? ஈதோஸா, பேதோஸா, லோகோஸா? அரிஸ்டாட்டில் காலத்து வகைப்பாடு. 'நான் சொல்கிறேன், என் யோக்கியதை உனக்குத் தெரியும்' என்பது ஈதோஸ். கேட்பவன் மனசைக் கலக்குவது பேதோஸ். காரணத்தை அடுக்கி மடக்குவது லோகோஸ். வேறு ஆட்டங்களில் 'வசீகரம்' என்று ஒரே எண்ணாக ஒதுக்கிவிடுவதை இங்கே மூன்றாகப் பிரித்து, வாளுக்குச் சமமாக உட்கார வைத்திருக்கிறார்கள். நான் லோகோஸ் எடுத்தேன். வீட்டில் மனைவியிடம் அது செல்லுபடியானதே இல்லை என்ற அனுபவம் இருந்தும் எடுத்தேன்.

இது அலங்காரத்துக்காகச் சேர்த்தது இல்லை, அந்தக் காலத்து நிஜம். ரோமில் மேலே வர இரண்டு படிகள், ஒன்று போர்க்களம், இன்னொன்று மேடை. இரண்டும் ஒரே ஆளுக்கு வேண்டும். கி.மு. 75 வாக்கில் இளைஞன் ஜூலியஸ் சீசர் ரோட்ஸ் தீவுக்குக் கப்பல் ஏறினான். எதற்கு? மோலோன் என்ற ஆசிரியரிடம் பேச்சுக்கலை படிக்க. போகிற வழியில் கடற்கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டார்கள். விடுவிக்க இருபது டேலன்ட் (அந்தக் காலத்துப் பெரிய பண அளவு) கேட்டார்களாம். 'என் விலை தெரியாதா உங்களுக்கு, ஐம்பது கேளுங்கள்' என்றானாம். பிணையாக இருந்த நாட்களில் தான் எழுதிய கவிதையையும் உரையையும் அவர்களுக்கே வாசித்துக் காட்டி, ரசிக்காதவர்களைத் திட்டியும் இருக்கிறான். விடுதலையானதும் திரும்பி வந்து பிடித்துச் சிலுவையில் அறைந்தான். பேச்சுப் பள்ளிக்கூடம், கடற்கொள்ளை, சிலுவை எல்லாம் ஒரே பயணத்தில். அந்த வாய்த்துடுக்கை இந்த ஆட்டத்தின் உரையாடல்களில் அங்கங்கே பார்க்க முடிகிறது. அதுதான் என்னை இழுத்தது.

உரையாடல்களில் என்னை மிகவும் உறுத்தியவர் சினெரோஸ். கிரேக்கர், படித்தவர், நம் நாயகனுக்குப் பாடம் சொன்னவர். அந்தக் குடும்பத்தின் அடிமையும் கூட. இதை ஆட்டம் மேளம் கொட்டிச் சொல்வதில்லை. அவர் நமக்கு அறிவுரை சொல்லிக்கொண்டே இருக்கிறார், நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், ஆனால் பதிலை எப்போது வேண்டுமானாலும் கட்டளையாக மாற்றும் உரிமை நம் கையில். ஒரு பதிலை அழுத்திய பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. ரோமானியப் பிரபுக்களின் வீடுகளில் இது சர்வ சாதாரணம். ரோமின் பெரிய பேச்சாளர் சிசரோவின் வலது கையாக இருந்த டிரோ அடிமையாக இருந்து, பிறகுதான் விடுதலை பெற்றார். இப்படி எஜமானின் ரகசியம் முழுவதும் தெரிந்த ஆட்களாக இருந்தாலும், நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியத்தைச் சித்திரவதை செய்துதான் வாங்குவார்கள். அதுதான் நடைமுறை. இதெல்லாம் தெரிந்துகொண்டு சினெரோஸின் பணிவான வாக்கியங்களைக் கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது.

பெண்ணாகவும் ஆடலாம். சும்மா உருவத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கவில்லை. பெண் என்றால் சுற்றி இருப்பவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள், பேச்சிலும் குத்துகிறார்கள். 'ரோமில் பெண் படை நடத்தினாளா, இது என்ன கூத்து' என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். பெண்ணுக்கு அந்தப் பதவி கிடையாதுதான். ஆனால் கி.மு. 41-இல் மார்க் ஆன்டனியின் மனைவி ஃபுல்வியா, கொழுந்தனோடு சேர்ந்து ஆக்டேவியனை (பிற்பாடு அகஸ்டஸ் ஆனவர்) எதிர்த்துப் படை திரட்டினாள். அந்தப் போரில் நடந்த பெருசியா நகர முற்றுகையில் கவணில் வைத்து எறிந்த ஈயக் குண்டுகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் ஃபுல்வியா பெயரைப் போட்டு ஆபாசமாகத் திட்டி எழுதியிருக்கிறார்கள். இன்றைக்குக் கமென்ட் பாக்ஸில் செய்வதை அன்றைக்கு ஈயத்தில் செய்தார்கள்.

மித்திலீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சும்மா வரைபடத்தில் விரல் வைத்துப் பொறுக்கிய ஊர் இல்லை. கி.மு. 88-இல் ரோமின் எதிரியான பான்டஸ் நாட்டு அரசன் மித்ரிடேட்டஸ் பக்கம் சாய்ந்து, அக்விலியஸ் என்ற ரோமானியரைப் பிடித்து அவனிடம் ஒப்படைத்த ஊர். ரோம் அதை மறக்கவில்லை. முற்றுகையின்போது லூகுல்லஸ் ஒரு தந்திரம் செய்தார். கிளம்பிப் போவது போல் கப்பல்களை விலக்கினார். போய்விட்டார்கள் என்று நம்பி, ஆளில்லாத முகாமைக் கொள்ளையடிக்க ஊர்க்காரர்கள் வெளியே வந்ததும் பாய்ந்தார். ஐந்நூறு பேர் பலி, ஆறாயிரம் பேர் அடிமைகள் என்று பழைய குறிப்பு சொல்கிறது. ஆட்டத்தின் லூகுல்லஸ் கண்ணியமாக, நிதானமாகப் பேசும்போது எனக்கு அந்த ஆறாயிரம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

அதே ஊரை ரோமானியர்கள் பிடித்தபோதுதான் இளம் சீசருக்கு ஓக் இலைக் கிரீடம் கிடைத்தது. ரோமானியர்கள் கொடுத்த மிகப் பெரிய மரியாதைகளில் ஒன்று. கொன்றதற்காகக் கொடுப்பதில்லை அதை, போரில் சக குடிமகன் ஒருவனின் உயிரைக் காப்பாற்றியதற்கு. காப்பாற்றப்பட்டவனே 'ஆமாம், இவன்தான்' என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகு ஆயுளுக்கும் அவனைத் தகப்பன் மாதிரி மதிக்க வேண்டும். கிரீடம் போட்டவன் விளையாட்டு அரங்குக்குள் வந்தால் செனட்டர்களும் எழுந்து நிற்பார்கள்.

இது தெரிந்த பிறகு என் ஆட்டமே மாறிவிட்டது. இரண்டாவது முறை டெமோவை முதலிலிருந்து ஆடியபோது, ஒரு சண்டையில் என் குழுவின் அனுபவம் பழுத்த வீரர் கைசோ சாய்ந்தார். எதிரியின் வில்லாளன் இரண்டு கட்டம் தள்ளித் தனியாக நிற்கிறான், ஒரு குத்தில் முடித்துவிடலாம். நான் திரும்பிக் கைசோவிடம் ஓடினேன். அடுத்த டர்னில் அதே வில்லாளன் என்னைத் துளைத்தான், சண்டையும் தோற்றது. கிரீடம் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு டர்னில்தான் நான் ரோமானியனாக ஆடினேன் என்று தோன்றியது.

காலக்கணக்கைப் பற்றிச் சண்டைக்கு வராதீர்கள். சீசர் மித்திலீனில் இருந்தது கி.மு. 80 வாக்கில், கிளியோபாட்ரா பிறந்தது 69-இல், கால் நாட்டுத் தலைவன் வெர்சின்ஜெட்டோரிக்ஸ் சரணடைந்தது 52-இல். இவர்கள் எல்லோரையும் ஒரே ஆளின் இளமைக்குள் அடைத்திருக்கிறார்கள். சீசரே கதையின் தொடக்கத்தில் இறந்துபோய், காலியான அந்த இடத்துக்குத்தான் நாம் போகிறோம் என்று நண்பன் ஸ்பாய்லர் வேறு கொடுத்துவிட்டான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சீசர் இல்லாவிட்டால் வேறொருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பானா, உட்கார்ந்தால் வேறு மாதிரி நடந்துகொண்டிருப்பானா என்ற கேள்வி புத்தகத்தை விட ஆட்டத்துக்குத்தான் பொருந்தும்.

தள்ளுபடி போட்டதும் முழுசாக வாங்கிவிடுவேன். ஃபேன் தாங்குமா தெரியவில்லை. இந்த முறை பெண்ணாக, கையில் ஈட்டியோடு, திரியாரியஸாக. பேச்சுக்குப் பேதோஸ். லோகோஸ் வீட்டிலும் எடுபடவில்லை, லூகுல்லஸிடமும் எடுபடவில்லை.