ஸ்கேன் செய்தாகிவிட்டது, அசலை அழித்துவிடலாமா?

நீதிமன்றக் கோப்புகளையும் பத்திரப் பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டால் அவை காலத்துக்கும் பத்திரமாகிவிட்டன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றின் ஆவணப் பிரிவில் நாள்தோறும் கோப்புகளோடு புழங்குகிறவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க முடியவில்லை. அரசாங்கங்களே அப்படி நினைக்கத் தொடங்கியிருப்பதுதான் கவலையளிக்கிறது. 1858 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்ந்துள்ள உயில்களை மின்னிலக்கப் படிகளாக்கிவிட்டு, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அசல் தாள்களை அழித்துவிடலாம் என்று பிரிட்டனின் நீதி அமைச்சு 2023 டிசம்பரில் யோசனை கூறியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 மில்லியன் பவுண்டு மிச்சமாகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். புகழ்பெற்றவர்களின் உயில்களுக்கு மட்டும் விலக்கு உண்டாம். சாதாரண மனிதர் எழுதிவைத்த உயிலுக்கு அந்தப் பேறு இல்லை. வரலாற்று ஆய்வாளர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

இதைச் சொல்வதால் நான் தாளுக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் நிலப் பத்திரம், திருமணப் பதிவு, வழக்குக் கோப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் கவுன்டி எனப்படும் வட்டார நிர்வாகங்களே வைத்திருக்கின்றன. 1871 அக்டோபரில் சிக்காகோ நகரம் எரிந்தபோது குக் கவுன்டியின் நீதிமன்றக் கட்டடமும் அதிலிருந்த பதிவேடுகளும் சாம்பலாயின. எந்த மனை யாருக்குச் சொந்தம் என்று காட்ட அரசிடம் ஏடே இல்லாத அந்த நிலையில், சொத்துரிமை விவரங்களைத் தொகுத்து விற்றுவந்த தனியார் நிறுவனங்கள் தீயிலிருந்து மீட்டெடுத்த தங்கள் குறிப்பேடுகளே கைகொடுத்தன. அவற்றைச் சான்றாக ஏற்க வகைசெய்யும் சட்டத்தை இல்லினாய் மாநிலம் 1872இல் இயற்றியது. ஆக, நில உரிமையைக் காத்தது வேறொருவர் கையில் இருந்த இன்னொரு படிதான்.

அந்தப் படி சரியாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கோப்பின் அளவைக் குறைப்பதற்காகக் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்களில் ஸ்கேன் செய்யும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்யும்போது ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு மறைந்துபோகிறது. தாளில் அழுத்திப் பதித்த முத்திரை சுவடு தெரியாமல் போகிறது. தாளின் பின்பக்கத்தில் எழுதிய குறிப்பைப் பலர் ஸ்கேன் எடுப்பதே இல்லை. இவையாவது விடுபடல்கள். 2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் கண்டுபிடித்தது அதைவிட மோசமானது. ஜெராக்ஸ் நகல் இயந்திரங்கள் சிலவற்றில் படத்தைச் சுருக்கும் மென்பொருள், உருவில் ஒத்த எண்களை ஒன்றுக்கு மற்றொன்றாக மாற்றிப் பதிந்துகொண்டிருந்தது. ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறை, நகலில் 14.13 சதுர மீட்டர் ஆகியிருந்தது. எழுத்து மங்கியிருந்தால் படிப்பவருக்கு ஐயமாவது வரும்; இதுவோ பளிச்சென்று தெளிவாகத் தெரியும் தவறு. சாட்சியத்தில் உள்ள தொகையோ தேதியோ இப்படி மாறியிருந்தால், அசலும் அழிக்கப்பட்டிருந்தால், எதை வைத்து ஒப்பிடுவது?

சேமிப்பு ஊடகங்களைப் பற்றிய பேச்சில் ஆயுள் கணக்கே முதலிடம் பெறுகிறது. பாலியெஸ்டர் நுண்படச் (மைக்ரோஃபிலிம்) சுருளைக் குளிர்ச்சியான, உலர்ந்த அறையில் வைத்தால் சுமார் 500 ஆண்டு நிலைக்கும் என்பது மதிப்பீடு. அதைப் படிக்க வெளிச்சமும் உருப்பெருக்கியும் போதும். அதற்கு முந்திய அசிட்டேட் சுருள் அப்படியன்று. நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அதை வெறுமனே வைத்திருந்தால், டப்பாவைத் திறக்கும்போதே வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். சுருள் நெளிந்து சுருங்கியிருக்கும். இன்று பெரிய காப்பகங்கள் பயன்படுத்தும் எல்டிஓ காந்த நாடா 30 ஆண்டு தாங்கும் என்கிறார்கள். தாங்கட்டும். ஆனால், 2012இல் வந்த ஆறாம் தலைமுறை நாடாவை 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக் கருவியால் படிக்க முடியாது. நாடா நன்றாக இருந்தும் அதைப் படிக்கும் கருவி வழக்கொழிந்துபோனால் அந்த 30 ஆண்டு ஆயுளால் யாருக்கு என்ன பயன்? இங்கிலாந்தின் 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே நில அளவை ஏட்டை இன்றும் லண்டனில் படிக்கலாம்; அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986இல் பிபிசி லேசர் வட்டில் தயாரித்த புதிய டூம்ஸ்டே, இருபது ஆண்டுகூட ஆகுமுன் படிக்கக் கருவி கிடைக்காத நிலைக்கு வந்து, மீட்புத் திட்டமே தேவைப்பட்டது.

எந்த ஊடகத்தை வாங்குவது என்பதைவிட, அடுத்த ஊடகத்துக்கு யார், எப்போது, எந்தப் பணத்தில் மாற்றுவது என்ற கேள்விதான் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். பின்னர் இராசேந்திரன் காலத்தில் அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். இந்தச் செய்தியையும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. படியெடுத்த பிறகே பிரிப்பது என்ற வரிசையையும், எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பையும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு நிர்வாகம் கடைப்பிடித்திருக்கிறது.

எடுத்த படி மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது இன்றைக்கு எளிது. ஒரு கோப்பை எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கீட்டில் செலுத்தினால் 64 குறியீடுகள் கொண்ட ஒரு சரம் கிடைக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அது அடியோடு வேறாகிவிடும். அதைக் குறித்துவைத்து ஆண்டுதோறும் ஒப்பிட்டால் எந்தக் கோப்பு கெட்டது என்று தெரிந்துவிடும். கெட்டதை மாற்ற வலையமைப்போடு இணைக்கப்படாத இன்னொரு படி வேண்டும். 2023 அக்டோபரில் அமெரிக்காவின் கேன்சஸ் மாநில நீதிமன்றங்களின் கணினி அமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பல வாரங்கள் தாளில் மனுக்களை வாங்க நேர்ந்தது.

சிங்கப்பூரில் நிலைமை ஒருவகையில் இன்னும் கறாரானது. 2000இலேயே நம் நீதிமன்றங்களில் மின்னிலக்க மனுத்தாக்கல் கட்டாயமாகிவிட்டது. 2013இல் அந்த அமைப்பின் இடத்துக்கு இ-லிட்டிகேஷன் வந்தது. 2022 மே 29 முதல் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களும் மின்னிலக்க வடிவில்தான் கிடைக்கின்றன. இவற்றுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்க்கத் தாள் அசல் கிடையாது. ஆகவே, எத்தனை கோப்புகளைத் திறந்து ஒப்பிட்டார்கள், எத்தனை கெட்டிருந்தன, அவற்றை எந்தப் படியிலிருந்து மீட்டார்கள் என்ற மூன்று எண்களை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. குக் கவுன்டியானாலும் நம் உச்ச நீதிமன்றமானாலும் அதற்கென்று பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.