"அம்மா, அது வேற சப்ஜெக்ட்"

சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், சமூக மன்றத்து நீரிழிவுக் கூட்டத்தில் நடந்த கூத்தின் வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியாகிவிட்டது, முழுக்கதை வேண்டாம். எனக்கு உறுத்துவது அந்த ஒரு பதில்தான். தனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), வீட்டுக்காரருக்கு டிபி (காசநோய்), நான் ஏதாவது செக் பண்ணணுமா என்று கூட்டத்திலிருந்து ஒரு அம்மா கேட்டார். "அம்மா, அது வேற சப்ஜெக்ட்" என்றது மேடை. மண்டபமும் சிரித்தது.

வேற சப்ஜெக்டே இல்லை. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. அந்த மண்டபத்திலேயே முதல் ஆளாகப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் அவர்தான். அவரைத்தான் உட்காரச் சொன்னார்கள்.

இது நான் கண்டுபிடித்த ரகசியமில்லை. காசநோயாளிக்குச் சர்க்கரையைப் பாருங்கள், சர்க்கரைக்காரரிடம் இருமலை விசாரியுங்கள், இரண்டு பிரிவும் கலந்து பேசுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011லேயே வழிகாட்டி போட்டுவிட்டது. நாம் ஊருக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்த இந்தியா 2017இல் இதற்கென்று தேசிய அளவில் கூட்டுத் திட்டமே வகுத்தது. நாம் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தோம். நல்லது. எதிரிக்குக் கூட்டாளி உண்டு என்பதை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை.

என் மாமா கதையைச் சொன்னால்தான் புரியும். பல வருடச் சர்க்கரை. திடீரென்று இளைத்தார். தேக்கா மார்க்கெட்டில் பார்த்தவர்கள் எல்லாம் "நடக்குறீங்களா மாமா, நல்லா ஸ்லிம் ஆயிட்டீங்க" என்று பாராட்டினார்கள். மனிதர் ராத்திரியில் சட்டை நனைய வேர்த்துக் கிடந்தார். காசநோய் என்று தெரிந்து, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தாதியின் கண் முன்னால் மாத்திரை விழுங்க ஆரம்பித்தார். அந்தத் தாதியைக் குறை சொல்ல மாட்டேன், தங்கமான பெண். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் கிட்னி போச்சு என்று மாமா அலறியபோது, மருந்தின் நிறம்தான் என்று சொல்லித் தேற்றியவர் அவர்தான்.

ஆனால் சர்க்கரை ஏறியது. அது வேறு இடம், வேறு டாக்டர், வேறு தேதி. அங்கே கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல என்ன விசேஷம், நிறைய ஸ்வீட்டா?" மாமா பல வருடமாக சீனி போடாத கோப்பி குடிப்பவர். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து, சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். அவர் சாப்பிட்டது அந்த வகைதான். அதை அங்கே யாரும் யோசிக்கவில்லை. கால் மதமதப்பு வந்தபோதும் அதே கதை. சர்க்கரையாலும் வரும், ஐசோனியாசிட் மருந்தாலும் வரும். இவர் அவரிடம் கேளுங்கள் என்றார், அவர் இவரிடம் கேளுங்கள் என்றார். ஒரே உடம்பு சாமி, இரண்டு வரிசையில் எப்படி நிற்கும்?

"எல்லா விவரமும் கம்ப்யூட்டரில் இருக்கிறதே" என்று ஒருவர் வருவார். இருக்கிறது. திறந்து பார்க்க ஆள் வேண்டாமா? "சும்மா பயமுறுத்தாதே, சர்க்கரை இருக்கும் எல்லாருக்குமா டிபி வருகிறது?" சரி, வருவதில்லை. பெரும்பாலோருக்கு வராது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் அந்தக் கமென்ட். "இதெல்லாம் வெளிநாட்டு ஊழியர்கள் கொண்டுவருவது." வீடியோவுக்குக் கீழே நம் ஆட்களே எழுதியிருக்கிறார்கள், அதுவும் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்கள்! எழுபதைத் தாண்டிய நம் உள்ளூர்ப் பெரியவர்களில் 30 விழுக்காடு வரை உடம்புக்குள் உறங்கும் காசநோய்க் கிருமி இருக்கலாம் என்று சுகாதார அமைச்சே சொல்லியிருக்கிறது. அந்தக் காலத்து ஒண்டுக் குடித்தனங்களில் யார் யாருக்குக் கொடுத்தார்களோ. வயதும் சர்க்கரையும் சேர்ந்தால் அது எழுந்துகொள்ளும். சீனர்களைவிட நம்மவர்களிடம் சர்க்கரை அதிகம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கிருமி என்ன, வேலை அனுமதிச் சீட்டைப் பார்த்துவிட்டா வருகிறது?

கோபம் வரத்தான் செய்யும். மாமா மருந்து ஆரம்பித்து வாரங்கள் கழித்து, இனி பரவாது என்று டாக்டர் சொன்ன பிறகும், ஒரு உறவுக்காரர் வீட்டில் அவருக்கு மட்டும் பிளாஸ்டிக் தம்ளர். மற்ற எல்லாருக்கும் எவர்சில்வர். காசநோய் காற்றில் பரவுவது, தம்ளரில் பரவுவதில்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. குடித்து முடித்து, தானே எழுந்துபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். இத்தனைக்கும் அந்த உறவுக்காரருக்கும் சர்க்கரைதான். சனிக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், சிரித்தார்.

"குடும்ப விஷயத்தை ஏன் முகநூலில் போடுகிறாய்" என்று இன்று ராத்திரிக்குள் போன் வரும். மாமாவைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "என் பேரைப் போடாதே, தம்ளரைப் போடு" என்றார்.