ஓடிபி அவர் போன்ல வரும்

ஆடித் தள்ளுபடிக்கு உஸ்மான் ரோடு பக்கமே போகாத புண்ணியவான்கள் இதைப் படிக்க வேண்டாம். படித்தாலும் நம்ப மாட்டீர்கள். போய் மிதிபட்டவர்கள் மட்டும் வாருங்கள், சேர்ந்து திட்டுவோம்.

கட்டைப்பை வரிசையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நேற்று எனக்கு முன்னால் நின்றது. ஆள் கிடையாது, வெறும் பை. பில் போடும் வரிசை நகரும்போதெல்லாம் நான்தான் அதைக் காலால் நகர்த்தி நகர்த்தி முன்னால் அனுப்பினேன். ஏன் அனுப்பினாய் என்று கேட்காதீர்கள், வளர்ப்பு அப்படி. கவுண்டர் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததும் பையின் சொந்தக்காரர் பிரசன்னமானார். கூடவே நாத்தனார், மகள், மகளின் பையன். எல்லோர் கையிலும் துணி மூட்டை.

“தம்பி, கொஞ்சம் நகருப்பா. நான் இங்கதான நின்னுட்டிருந்தேன்.”

“நீங்க எங்கம்மா நின்னீங்க? பைதான் நின்னுச்சு.”

“பை யாரோடது?”

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றத்திலும் பதில் கிடைக்காது. நகர்ந்தேன்.

சரி, குடும்பமாகச் சேர்ந்து ஒரே பில்லாகப் போடுவார்கள் என்று பார்த்தால், நாத்தனாருக்குத் தனி பில், மகளுக்குத் தனி பில். ஏனென்றால் ஒவ்வொரு பில்லுக்கும் குலுக்கல் கூப்பன் உண்டாம். அதுவும் போகட்டும். முதல் பில்லுக்கே கவுண்டர் பெண் போன் நம்பர் கேட்டாள். “எதுக்கும்மா?” என்று முறைத்த அந்த அம்மா, “பாயின்ட் ஏறும்” என்றதும் குளிர்ந்து போய் நம்பரை ஒப்பிக்க ஆரம்பித்தார். பாதியில் மகள் குறுக்கே விழுந்து, “அது பழைய நம்பர்மா” என்றாள். மறுபடி முதலிலிருந்து.

“ஏற்கெனவே பாயின்ட் இருக்கும்மா. கழிச்சிடவா?”

“கழிச்சிடு, கழிச்சிடு.”

“ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

“ஓடிபி அவர் போன்ல வரும்.”

அவர் எங்கே? கீழே. பைக்கைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறார். ஆடி ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் வண்டி விட இடம் பிடித்தவன் தாலி கட்டிய மனைவி கூப்பிட்டாலும் அந்த இடத்தை விட்டு வர மாட்டான், அது நியாயம்தான். போன் போட்டார்கள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்கள். எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டதும் அந்தப் பக்கம் “எது எடுத்தாலும் நூறு, எது எடுத்தாலும் நூறு” என்று ஒரு குரல் எங்கள் மாடி முழுக்கக் கேட்டது.

“என்னங்க, ஓடிபி வந்திருக்கா பாருங்க.”

“பில்லு எவ்ளோ ஆச்சு?”

“அதை அப்புறம் சொல்றேன், நம்பரைச் சொல்லுங்க.”

“இல்ல, எவ்ளோ ஆச்சு?”

எனக்குப் பின்னால் இருந்த வரிசை மாடிப்படி இறங்கிவிட்டது. ஒரு கைக்குழந்தை வீல் என்று கத்துகிறது. அந்த மனுஷன் பில் தொகையைத் தெரிந்துகொள்ளாமல் மூச்சு விட மாட்டேன் என்கிறார். கடைசியில் தொகையில் பாதியைச் சொல்லிச் சமாளித்து நம்பரை வாங்கினார்கள். தப்பு என்று காட்டியது மிஷின். மறுபடி வாசித்தார். மறுபடி தப்பு. விசாரித்ததில், அவர் வாசித்தது காலையில் வந்த கேஸ் சிலிண்டர் நம்பர். சரியானதைத் தேடி எடுப்பதற்குள் அதற்கு ஆயுசு முடிந்துவிட்டது. புதிதாக அனுப்பி, வந்து, வாசித்து, கழித்தார்கள்.

கழிந்தது பதினோரு ரூபாய்.

அதோடு இடத்தைக் காலி செய்தார்களா? கவுண்டர் மேஜையிலேயே கூப்பன்களைப் பரப்பிவிட்டு, அந்த அம்மா என் பக்கம் திரும்பி, “தம்பி, பேனா இருக்கா?” என்றார். கொடுத்தேன்.

இந்த ஆடித் தள்ளுபடி எதற்கு வந்தது? ஆடியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, நல்ல காரியம் எதுவும் இல்லை. ஜனம் ஜவுளிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. தீபாவளிச் சரக்கு வருவதற்குள் அலமாரி காலியாக வேண்டுமே என்று பழையதை விலை குறைத்துத் தள்ளினார்கள். ஆள் வராத மாதத்துக்கு வைத்த வைத்தியம் அது. இன்றைக்கு ஆனி பாதியிலேயே பேனர் கட்டிவிடுகிறார்கள். ஆவணி பிறந்த பிறகும் ‘வாடிக்கையாளர் வேண்டுகோளுக்கிணங்க நீட்டிப்பு’. யார் வேண்டினார்கள், முகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைக்காரரைச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. நம் ஆட்களுக்குக் கூட்டம்தான் அக்மார்க் முத்திரை. அதே சென்னிமலைப் போர்வையை இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, விரித்துப் பார்த்து வாங்கலாம். போக மாட்டார்கள். “அங்க ஈ காக்கா இல்ல, சரக்கு நல்லா இருக்காது.” மிதிபட்டு வாங்கினால்தான் மலிவு, மூச்சுத் திணறினால்தான் லாபம். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை அரை கிலோமீட்டருக்கும் மேலே ஆகாய நடைபாதை கட்டிக் கொடுத்தார்கள், ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் போகலாம் என்று. நம் ஜனம் அதன் மேல் நின்று கீழே எட்டிப் பார்த்து, “அங்க என்ன இவ்ளோ கூட்டம், ஏதாவது ஆஃபரா?” என்று இறங்கிப் போகிறது.

இத்தனைக்கும் எரிச்சலை யார் மேல் கொட்டுகிறார்கள்? காலையிலிருந்து நின்ற காலோடு புடவை பிரித்துப் போடும் பெண் பிள்ளைகள் மேல். “இன்னும் எடு, மேல் தட்டுல இருக்கே அதை எடு” என்று ஒரு மலையைக் கொட்ட வைத்துவிட்டு, “ஒண்ணும் புடிக்கல” என்று எழுந்து போகிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். இந்தக் கடையிலும் நாற்காலி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதில் நைட்டிக் குவியல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

ஒருவழியாக என் முறை. அம்மாவுக்கு ஒரு சுங்குடிப் புடவை, அக்கா மகனுக்குச் சட்டை. புடவையில் 1,250 ரூபாய் ஸ்டிக்கர், 20 சதவீதம் தள்ளுபடி, ஆக 1,000 ரூபாய். வரிசையில் நின்ற நேரத்தில் வேலையில்லாத என் கட்டைவிரல் நகம் அந்த ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டி வைத்திருந்தது. உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதே கடை, அதே பார்கோடு, விலை 995. அதாவது ஆனியில் வந்திருந்தால் தள்ளுபடியே இல்லாமல் ஐந்து ரூபாய் மிச்சம்.

கவுண்டர் பெண்ணிடம் காட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள், சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவர் வந்து ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “அது பழைய ரேட் சார்” என்றார். பழைய ரேட்டைவிடப் புது ரேட் அதிகம் என்றால் எதைத் தள்ளுபடி செய்தீர்கள் என்று கேட்டேன். விலையைக் காட்டி ஏமாற்றுவது முறையற்ற வணிகம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது என்றும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.

பக்கத்திலிருந்து ஒரு குரல்: “விடுப்பா, அஞ்சு ரூபாதான? பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு!”

அதே அம்மா. என் பேனாவை வைத்து இன்னும் கூப்பன் எழுதிக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தேன். சூப்பர்வைசர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். ஆயிரத்தைக் கட்டினேன், கடை பெயர் கொட்டை எழுத்தில் அச்சடித்த பைக்குத் தனியாகப் பன்னிரண்டு ரூபாய் அழுதேன், வந்துவிட்டேன். பேனாவைக் கேட்கத் தெம்பில்லை.

இதாவது போகட்டும், காசு கொடுத்து வாங்கிய அவஸ்தை. எங்கள் தெருவில் ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறோம் என்று இன்றைக்குக் காலை நாலே முக்காலுக்குக் குழாய் ஸ்பீக்கரைப் போட்டார்களே, அதை எங்கே போய்ச் சொல்ல? இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்தாயிற்று. விழாக் கமிட்டிக்காரரிடம் சொன்னால், “சாமி காரியம் சார்” என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். சரி, பாட்டு சாமிக்கு. அதற்கு முன்னால் அரை மணி நேரம் ‘மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ’ என்று கத்தினானே ஒருத்தன், அது எந்தச் சாமிக்கு?