அன்பு மட்டும் போதாது
ஆள் கடத்தல்ல சிக்கி மீட்கப்பட்ட பொண்ணுங்க கூட வெளிநாட்டுல ரெண்டு வாரம் தொண்டு செய்ய அன்பு மட்டும் இருந்தா போதும்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, மேல கமெண்ட்ல ஒருத்தர் மொழி தெரிஞ்சா போதும்னு எழுதியிருக்கார், அவருக்கும் சேர்த்துதான் சொல்றேன். வேலூர்ல சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் மெடிக்கல் ஷாப்ல ஏழு வருஷம் நின்னவ நான், கொல்கத்தா, பங்களாதேஷ்ல இருந்து வர்ற பேஷன்ட்டுங்க கிட்ட பேசிப் பேசியே பெங்காலி வந்துடுச்சு, அந்த தைரியத்துலதான் பங்களாதேஷ்ல ஜெசோர் பக்கம் ஒரு ஹோமுக்கு மூணு வாரம் போனேன், இந்தியால மீட்டு பெனாபோல் பார்டர் வழியா திருப்பி அனுப்பின பொண்ணுங்க இருந்தாங்க. 2015ல ரெண்டு நாடும் ஆள் கடத்தல தடுக்க ஒப்பந்தம் போட்டும், எந்த ஊருன்னு விசாரிச்சு வீடு திரும்பவே பல பேருக்கு வருஷக்கணக்கா ஆகுது. முதல் வாரம் ஒருத்தியும் பேசல. பெங்காலில பயப்படாதன்னு சொன்னதும் ஒரு பொண்ணு முகத்த திருப்பிக்கிச்சு. ஏமாத்திக் கூட்டிட்டுப் போறவங்க முக்கால்வாசி தெரிஞ்ச முகம்தான், இப்படித்தான் இனிக்க இனிக்க பேசுவாங்கன்னு அங்க இருந்த கவுன்சிலர் அக்கா சொன்னாங்க, அன்பா பேசி ஏமாத்தினவங்கள பாத்த பொண்ணு என்ன எப்படி நம்பும்? அப்புறம் பேச்ச விட்டுட்டு துணி மடிக்க, காய் நறுக்கன்னு கூட உக்காந்தேன், மூணாவது வாரம்தான் அந்த பொண்ணு, கடுகு எண்ணெய் வாசம் உங்களுக்கு ஒத்துக்கலையான்னு கேட்டு சிரிச்சுது, நாலே நாள்ல நான் கிளம்பிட்டேன், இன்னைக்கும் உறுத்துது. போறதுன்னா ஆறு மாசமாவது போங்க, கதைய கிளறாதீங்க, போட்டோ எடுக்காதீங்க, முடியாதுன்னா அந்த ஃப்ளைட் காச உள்ளூர் கவுன்சிலர் சம்பளத்துக்கு அனுப்புங்க, நாம ஊருக்கு வந்த பிறகும் அங்க இருக்கப்போறது அவங்கதான்.