கடிதங்கள் வெறும் அடிக்குறிப்புகள் அல்ல

அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்டின் கடிதங்களை அவருடைய கதைகளுக்கான அடிக்குறிப்புகளாக மட்டுமே அவரைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் காண்பதை என்னால் ஏற்க இயலவில்லை. லவ்கிராஃப்டின் 'சுவர்களுக்குள் எலிகள்' கதையில் வரும் கேலிக் மொழி வரிகளைப் பற்றி டெக்சாஸ் எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1930இல் 'வியர்ட் டேல்ஸ்' என்ற திகில் கதை இதழின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் லவ்கிராஃப்டிடம் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1936இல் ஹோவர்ட் இறக்கும் வரை, நேரில் ஒருமுறைகூடச் சந்தித்திராத அவ்விருவரும் நாகரிகம் உயர்ந்ததா, காட்டுமிராண்டி வாழ்வு உயர்ந்ததா என்று விடாமல் வாதிட்டனர். எண்ணெய் கண்டெடுக்கப்பட்டதும் டெக்சாஸ் சிற்றூர்களுக்குள் பணமும் வன்முறையும் புகுந்த விதத்தை ஹோவர்ட் விவரிக்கும் பக்கங்கள் கோனன் என்ற காட்டுமிராண்டி வீரனைப் பற்றிய அவருடைய கதைகளுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. லவ்கிராஃப்டின் இனவெறுப்பும் அவருடைய கடிதங்களில் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகிறது. அதைத் தாண்டிச் செல்லாமல் படிக்க வேண்டும். 2009இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த இவ்விருவரின் கடிதங்களை வரிசையாகவே வாசியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டினால் வாதம் சூடேறும் விதம் பிடிபடாது.