மின்சாரக் கணப்பு ஆக்ஸிஜனை எரித்துவிடுமா?

குளிர்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் தவறாமல் சுற்றும் செய்தி இது: "மின்சாரக் கணப்பு அறையின் ஆக்ஸிஜனை எரித்துவிடும், மூடிய அறையில் தூங்காதீர்கள், கேஸ் கணப்பே பாதுகாப்பு." உண்மை இதற்கு நேர்மாறானது.

மின்சாரக் கணப்பு என்பது நெருப்பு எரிவதுபோல் காட்டும் ரூம் ஹீட்டர். அதில் எதுவும் எரிவதில்லை. கம்பிச்சுருள் சூடாகிறது, விசிறி அந்தச் சூட்டை வெளியே தள்ளுகிறது. கண்ணாடிக்குள் தெரியும் தழல் வெறும் எல்இடி வெளிச்சம். மூக்கும் தொண்டையும் வறள்வது உண்மைதான். சூடான காற்றின் ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) குறைவதே அதற்குக் காரணம்.

ஆக்ஸிஜன் செலவாவது கேஸில்தான். இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதி மீத்தேன். அதன் ஒரு மூலக்கூறு முழுதாக எரிய இரண்டு மூலக்கூறு ஆக்ஸிஜன் தேவை. அரைகுறையாக எரிந்தால் மணமே இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்காக எல்லா கேஸ் கணப்புக்கும் பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடியால் அடைத்து, வெளிக்காற்றை இழுத்துப் புகையையும் வெளியே விடும் வகை, சரியாகப் பொருத்தினால் அறைக்காற்றைத் தொடாது. புகைக்குழாயே இல்லாத வகைதான் சிக்கல். கலிஃபோர்னியாவில் வீடுகளுக்கு அதை விற்கவே தடை.

மின்சாரத்திலும் ஆபத்து உண்டு, ஆனால் அது வேறு. அமெரிக்காவில் சாதாரண பிளக்கில் செருகும் கணப்பு 1,500 வாட் வரை இழுக்கும். அதை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். கேஸ் கணப்பு இருக்கும் வீட்டில், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.